மேசைமேல் ஆடும் தகரம்

சென்ற வாரம் பித்தளைக் கம்பியும் பிஸ்கற்றுப் பேணித் தகரமும் கொண்டு, மேசைமேல் அசைந்தாடும் சிறு சிற்பமொன்று செய்ய முற்பட்டேன். உச்சிக் கம்பியிலிருந்து தொடங்கினேன். தகடுகளைத் தொங்கவிடுந்தோறும் அனைத்தும் ஒருபுறம் சாய்ந்தன. மூன்றிரவு வீணாயிற்று.

இக்கலையிற் புகழ்பெற்ற அமெரிக்கர் அலெக்சாந்தர் கால்டர் (1898–1976) பொறியியல் பயின்றவர். அவர் தொடங்கியதோ அடியிலிருந்து! மிகச் சிறிய தகடிரண்டை ஒரு கம்பியின் முனைகளில் மாட்டி, அது சமனாக நிற்கும் இடத்தைக் கண்டு கொக்கியிட வேண்டும். அதன்பின் அவ்விணை முழுவதும் அடுத்த கம்பிக்கு ஒரே பாரம். கம்பியின் பாரத்தை விட்டுப் பார்த்தால், 6 கிராம் தகடு கொக்கியிலிருந்து ஓரங்குலத்தில் நிற்க, 2 கிராம் தகடு மூன்றங்குலத்தில் நிற்கும். வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்க்க மறவாதீர்கள். என் பெருவிரல் சாட்சி.

நேற்றிரவு அதனைத் தண்டின் நுனியில் ஏற்றினேன். ஊதியதும் மெல்லச் சுழன்றது. இல்லாள் பார்த்துவிட்டு, பேணிக்குள் இருந்த பிஸ்கற்று எங்கே என்றாள்.