சிலந்தியும் நம் அச்சமும்

மனித மனத்தில் தோன்றும் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இந்நூற்பாவை ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்கி வருகின்றோம். விலங்கு என்னும் சொல்லுக்குப் புலியையும் யானையையும் சான்றாகக் காட்டுவதே நம் வழக்கம். சென்ற ஐப்பசித் திங்களின் மழை இரவொன்றில், எம் இல்லத்துச் சுவரில் ஒட்டியிருந்த உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று, அவ்விளக்கம் போதாது என்பதை எமக்கு உணர்த்திவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் பயிலும் எம் இளைய மகள் அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்கச் சென்றவள் அலறினாள். ஓடிச்சென்று பார்த்தோம். புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்ட அச்சிலந்தி, கால்களை அகல விரித்துச் சுவரில் அசையாதிருந்தது. புறநானூற்று மறவர்தம் நெஞ்சுரத்தைப் பல்லாண்டுகளாக மாணவர்க்கு எடுத்துரைத்துவரும் நாம், அதனைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர் விளக்குமாற்றை எடுத்து ஓங்கினோம். அப்பொழுதுதான் ஒன்றைக் கவனித்தோம். எம் மகள் சிலந்தியைப் பார்க்கவில்லை. எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் எழுபது வயதைக் கடந்த எம் தாயார் அங்கு வந்தார். "அடிக்காதே வாப்பா, அது நம்ம நபி நாயகத்துக்குக் காவல் இருந்த பிறவி" என்று கூறியவாறே, சமையற்கட்டிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து சிலந்தியின்மீது மெல்லக் கவிழ்த்தார். பழைய நாட்காட்டியின் அட்டையைச் சுவருக்கும் கிண்ணத்துக்கும் இடையே செருகினார். கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் அதனை விட்டுவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டு தொழுகைக்குச் சென்றார். பள்ளியில் நான்காம் வகுப்பைத் தாண்டாத அவர் முகத்தில் அச்சத்தின் சாயலே இல்லை. எம்.ஃபில். பட்டம் பெற்ற நாம் விளக்குமாறும் கையுமாக நின்றிருந்தோம்.

எம் மகளுக்கு இவ்வச்சத்தைக் கற்பித்தவர் யார் என்னும் வினா அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. அச்சம் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா என்பதை உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சிலந்தியின் படத்தையும் மலரின் படத்தையும் காட்டிச் செய்யப்பட்ட ஆய்வொன்று 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிலந்தியைக் கண்டபோது குழந்தைகளின் கண்மணிகள் மிகுதியாக விரிந்தன. ஆக, சிலந்தியின் உருவம் நம்மை விழிப்படையச் செய்வது இயற்கை எனலாம். ஆயின் விழிப்பு வேறு, அச்சம் வேறு. 1980களில் அமெரிக்க உளவியலார் சூசன் மினேக்காவும் அவர்தம் குழுவினரும் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு நடுங்குவதைப் பார்த்த பின்னரோ, அவையும் அஞ்சத் தொடங்கின. பாம்பு அவற்றைத் தீண்டவில்லை. மூத்தவற்றின் நடுக்கமே அவற்றுக்குப் பாடமாயிற்று. குரங்குகளுக்கு நேர்ந்ததே எம் வீட்டிலும் நேர்ந்துகொண்டிருந்தது.

முகம் கற்பிப்பது ஒருபுறமிருக்க, மொழியும் அச்சத்தைக் கற்பிக்கின்றது. பண்டைத் தமிழில் சிலம்பி எனவும் வழங்கப்பெற்ற இவ்வுயிருக்கு இன்று நாம் வழங்கும் சிலந்தி என்னும் பெயர், உடலில் தோன்றும் கட்டியையும் புண்ணையும் குறிக்கும் சொல்லாகவும் இருந்து வந்துள்ளது. நரம்புச் சிலந்தி என்னும் நோயை மூத்தோர் அறிவர். காலில் கொப்புளம் தோன்றி, அது உடைந்து, நூல்போன்ற நீண்ட புழு வெளிப்படும் கொடிய நோய் அது. அதற்கும் சிலந்திக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குடிநீரில் வாழும் நுண்ணிய உயிரி ஒன்றின் வழியாக உடலுக்குள் சென்ற புழுவே அதற்குக் காரணம். இந்தியாவில் அந்நோயின் இறுதி நிகழ்வு 1996ஆம் ஆண்டில் பதிவாயிற்று. 2000ஆம் ஆண்டில் நம் நாடு அந்நோயினின்று விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. அந்நோயை ஒழிக்க ஒரு சிலந்தியையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. குடிநீரைத் துணியால் வடிகட்டப் பழகியதும், மக்கள் இறங்கி நீர் முகந்த படிக்கிணறுகளைச் சீர்செய்ததும் அதனை ஒழித்தன. நூல்போன்ற புழுவைக் கண்டு, நூல் நூற்கும் உயிரின் பெயரை நம் முன்னோர் அதற்கு இட்டனர் போலும். நோய் அகன்றுவிட்டது, சிலந்தியின்மீது விழுந்த பழி மட்டும் அகலவில்லை.

இப்பழி வெறும் சொல்லளவில் நிற்பதன்று என்பதற்கு எம் குடும்பத்திலேயே துயரமான சான்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம் மூத்த சகோதரிக்கு இடப்புற நெற்றியில் எரிச்சலும் வலியும் தோன்றின. மறுநாள் சிறு சிறு கொப்புளங்கள் எழுந்தன. "இரவில் எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கும், அதன் எச்சில் பட்டுவிட்டது" என்று உறவினர் அனைவரும் ஒருமுகமாக முடிவு செய்தனர். பச்சிலை அரைத்துப் பூசப்பட்டது. ஒட்டடைக் கம்பெடுத்து வீடு முழுவதும் துடைக்கப்பட்டது. கண்ணில் பட்ட சிலந்திகளெல்லாம் அடித்துக் கொல்லப்பட்டன. செய்தி கேட்டுச் சென்ற நாமும் தலையசைத்துவிட்டு வந்தோம். ஆறாம் நாள் கண் சிவந்து வீங்கிய பின்னரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அது அக்கி என்றார் அவர். சின்னம்மையை உண்டாக்கும் கிருமி பல்லாண்டுகள் நரம்புக்குள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த நிலையிலோ மீண்டும் எழுவதால் வருவது அந்நோய். அதற்குரிய மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குதல் நலம் என்பதையும், நெற்றியில் தோன்றும் அக்கி கண்ணைத் தாக்கக்கூடும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். இன்று எம் சகோதரியின் இடக்கண்ணில் பார்வை மங்கியே உள்ளது. நோய் நரம்பில் இருக்க, நாம் சுவரில் இருந்தவற்றை அடித்துக்கொண்டிருந்தோம்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்னும் கருத்தை வைத்துள்ளார். அக்குறளைப் பலமுறை பாடம் நடத்தியவர் நாம். அச்சம் வந்தவுடன் ஆராய்ச்சி நம்மைவிட்டு அகன்றுவிடுகின்றது. அஞ்சியவனுக்கு ஒரு குற்றவாளி உடனே வேண்டும். கைக்கெட்டும் தொலைவில் இருப்பது எதுவோ அதுவே குற்றவாளியாகிவிடுகின்றது.

நாம் அடிக்க ஓங்கிய உயிர்தான் யாது? உலகில் இதுவரை 50,000த்துக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. எட்டுக்கால் பூச்சி என்று வழங்கினும் சிலந்தி பூச்சியினம் அன்று. பூச்சிகளுக்குக் கால்கள் ஆறே. எம் வீட்டுச் சுவரில் இருந்தது வலை பின்னாமல் இரவில் இரை தேடும் வேட்டைச் சிலந்தி. 1767ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் வேட்டையாடும் இயல்பைக் குறிக்கும் பெயரை இதற்கு இட்டார். வெப்ப நாடுகள் பலவற்றிலும் மனிதர் வாழும் வீடுகளில் இது காணப்படுகின்றது. தட்டையான உடல் கொண்டமையால் அலமாரியின் பின்புறத்திலும் கதவிடுக்கிலும் பகலெல்லாம் ஒடுங்கியிருக்கும். கரப்பான் பூச்சி இதன் விருப்பமான இரை. பெண் சிலந்தி தன் முட்டைகளை வெண்ணிற வட்டப் பையாக்கி, மார்பின் அடியில் ஏந்தித் திரியும். கூரை மூலையில் நீண்ட மெல்லிய கால்களோடு தொங்குவது வேறோர் இனம். நாம் ஒட்டடை என்று துடைப்பதில் பெரும்பகுதி அதன் வலையே. சன்னலருகே துள்ளித் திரியும் சிறு சிலந்தியோ வலையின்றி ஈயைப் பாய்ந்து பிடிக்கும். இவற்றுள் எதற்கும் மனிதனைத் தேடி வந்து கடிக்கும் இயல்பு இல்லை. மனிதன் அவற்றுக்கு இரையல்லன்.

"நஞ்சுடைய உயிரை வீட்டில் விட்டுவைப்பது அறிவா?" என்று பெரியோர் வினவலாம். வினாவில் நியாயம் உண்டு. சிலந்திகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு உண்டு என்பது உண்மையே. ஆயின் அந்நஞ்சு சிறு பூச்சிகளை வீழ்த்துவதற்கு அமைந்தது. மனிதர்க்குக் கேடு விளைக்கும் இனங்கள் மிகச் சிலவே. வீட்டு வேட்டைச் சிலந்தியைக் கையால் நசுக்கப் புகுந்தால் கடிக்கக்கூடும், வலி இருக்கும், உயிருக்கு ஊறு நேர்வதில்லை. மரப்பொந்துகளில் வாழும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகள் கடித்தால் கடுமையான வலி உண்டாகும். ஆதலின் எந்தச் சிலந்தியையும் கையால் பற்றலாகாது. கடித்தாலும், காரணம் தெரியாத கொப்புளம் எழுந்தாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். இவ்வளவே போதுமான எச்சரிக்கை. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடையார் செயலாகவே வள்ளுவர் கொண்டார். அஞ்சத்தகாததற்கு அஞ்சுவதை அவர் அவ்வாறு சொல்லவில்லை.

நம் சமயமும் இலக்கியமும் இவ்வுயிரைப் புறந்தள்ளவில்லை என்பதும் எண்ணத்தக்கது. திருக்குர்ஆனின் 29ஆம் அத்தியாயம் அல் அன்கபூத், அதாவது சிலந்தி, என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதன் 41ஆம் வசனத்தில், இறைவனையன்றிப் பிறரைப் பாதுகாவலராகக் கொள்வோரின் நிலைக்கு, வலிமை குன்றிய சிலந்தியின் வீடு உவமையாகின்றது. 622ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவை நீங்கித் தவ்ர் குகையில் தங்கியிருந்தபோது, குகை வாயிலில் சிலந்தி வலை பின்னியதாகவும், அதனைக் கண்ட பகைவர் உள்ளே எவரும் இரார் எனத் திரும்பியதாகவும் வழங்கும் செய்தியை நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். அவ்வறிவிப்பின் வலிமை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் எம் தாயாரின் கையை அடிக்கவிடாது தடுத்தது அச்செய்தியே. திருவானைக்காவில் சிவலிங்கத்தின்மீது சருகு விழாதவாறு வலை பின்னிய சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது எனச் சைவ மரபு கூறும். வெவ்வேறு சமயத்தார் வழங்கும் இரு கதைகளிலும் சிலந்தியின் வலை காவலாகவே நிற்கின்றது. இவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த வீடுகளில் விளக்குமாறு அவ்வளவு விரைவில் ஓங்கப்படவில்லை. ஒட்டடை தங்கினால் பரக்கத்துக் குறையும் என்று சொல்லி வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தோரும் அவர்களே. வலையைத் துடைத்தார்கள், உயிரைக் கொல்லவில்லை.

இனி, சிலந்தி என்றாலே உடல் நடுங்கி, மூச்சுத் திணறி, அவ்வறைக்குள்ளேயே நுழைய மறுப்போரும் உளர். அவர்களைக் கோழையர் என எள்ளுதல் தகாது. விடுதிகளில் இரப்பர் சிலந்தியைப் படுக்கையில் போட்டு நண்பனை அலறவைத்து மகிழும் விளையாட்டு, அவ்வச்சத்தை மேலும் ஆழமாக வேரூன்றச் செய்யும். இத்தகைய அச்சத்தைச் சிறிது சிறிதாக, அஞ்சுபவரின் இசைவோடு, அண்மையில் கொண்டுசென்று தணிக்கலாம் என்பதை மருத்துவ உளவியலார் நிறுவியுள்ளனர். சுவீடன் நாட்டு உளவியலார் லார்ஸ் யோரான் ஊஸ்ட் ஒரே அமர்வில், மூன்று மணி நேரத்துக்குள், இதனைச் செய்யும் முறையை 1989ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அச்சம் தணிவது கண்ணை மூடுவதாலன்று, திறந்து பார்ப்பதால் என்பதே அம்முறையின் அடிப்படை.

மாணவச் செல்வங்களே! கல்லூரி உங்களுக்குத் தருவது பட்டம் மட்டுமன்று. ஓங்கிய கையை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கும் பழக்கத்தையும் அது தர வேண்டும். "அது யாது? அது செய்த தீங்கு யாது? அதைச் சொன்னவர் கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா?" என்னும் வினாக்களைச் சிலந்தியிடத்திலேயே கேட்டுப் பழகுங்கள். அறியாதவரைப் பற்றியும் அண்டை வீட்டாரைப் பற்றியும் பரவும் செய்திகளிலும் அப்பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும். பெரியோர்களே! நம் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அஞ்சுவதற்குக் கற்கின்றனர். நாம் விலைகொடுத்துக் கற்ற பாடம் இது.

இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் ஒரு சிலந்தி, அதுவோ வேறொன்றோ அறியோம், அதே அலமாரியின் அருகே காணப்பட்டது. எம் மகள் அலறவில்லை. அதன் அருகிலும் செல்லவில்லை. வாயிற்படியில் நின்றவாறே, "வாப்பா, கிண்ணத்தை எடுத்துட்டு வாங்க" என்றாள். எம் கைகள் சற்றே நடுங்கின. எனினும் இம்முறை நாமே கவிழ்த்தோம். அட்டையை அவள் எடுத்து நீட்டினாள்.