குப்பை விடயத்தில் கடைக்காரனையும் கேளுங்கள்

கடைகளில் பொலித்தீன் பையை இனி இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். காசு கொடுக்க வேண்டும் என்றால்தான் வீட்டிலிருந்து உமல் கொண்டுவரும் பழக்கம் திரும்பும். ஆனால் பருத்தித்துறையில் கடை வைத்திருக்கும் எனக்கு முதலில் எழுந்த கேள்வி வேறு. பில் அடிக்கும் இயந்திரம் கொழும்பு சுப்பர் மார்க்கட்டில் இருக்கிறது. இங்கே கால் கிலோ பருப்பும் ஒரு சவர்க்காரமும் வாங்குகிற அம்மாவுக்கு எந்தக் கடையில் பில் போடுகிறோம்? விதி எழுதிய மேசையில் ஒரு சிறு நகரத்துக் கடைக்காரன் இருந்திருந்தால் இதை ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான்.

இது முதல் தடவையல்ல. 2017 செப்டெம்பர் 1 இல் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் மெல்லிய பைகளும் தடை செய்யப்பட்டன. 2021 மார்ச் 31 இல் சிறிய சஷே பைக்கற்றுகள் சில. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு. பொலித்தீன் உற்பத்தியாளருக்குக் கொழும்பில் சங்கம் இருக்கிறது. அவர்கள் அமைச்சரைச் சந்தித்து அவகாசம் கேட்பார்கள். றாக்கையில் மிச்சம் கிடக்கும் சரக்கோடு நிற்கும் சில்லறைக் கடைக்காரனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

வியாபாரியின் நட்டம் சிறிய விடயம். கேட்காமல் எடுக்கும் முடிவால் உயிரே போனதையும் இந்த நாடு கண்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மலை வேண்டாம் என்று அங்குள்ள சனங்கள் வருடக்கணக்காகக் கத்தியவர்கள். அதன் பிறகு கொழும்புக் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ரயிலில் ஏற்றிப் புத்தளம் அறுவைக்காட்டில் கொட்டும் திட்டம் முன்னுக்கு வந்தது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் பலர் வாழும் மாவட்டம் அது. 2018, 2019 இல் புத்தளத்து மக்கள் இனபேதமின்றி வீதியில் இருந்து எதிர்த்தார்கள். சுற்றாடல் தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறிக்கையைக் கந்தோரில் வைப்பதும் ஊருக்குப் போய் மக்களைக் கேட்பதும் ஒன்றல்ல என்பதை அந்தப் போராட்டம் காட்டியது.

யாழ்ப்பாணத்துக்கு இது இன்னும் பாரதூரமானது. இங்கே பெரிய ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல் துவாரமும் வெடிப்பும் நிறைந்தது. மேலே ஊற்றுவது கீழே போக நாளெடுக்காது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா செலுத்தும்படி கட்டளையிட்டது. தீர்ப்பு நல்லது. ஆனால் தீர்ப்பால் கிணறு சுத்தமாகாது. ஆகவே குப்பையைக் கொட்டும் இடம் எது, அங்கிருந்து எத்தனை யார் தூரத்தில் யாருடைய கிணறு என்பதெல்லாம் முதல் லோட் போவதற்கு முன்னரே பேசப்பட வேண்டியவை.

பேச வேண்டியவர்கள் யார்? சந்தையில் வாழைத் தண்டும் கோவா இலையும் எத்தனை மணிக்குக் குவியும் என்பது மரக்கறிக்காரருக்குத் தெரியும். மீன் கழிவு மத்தியானம் வரை காத்திருக்காது என்பது மீன் விற்பவருக்குத் தெரியும். எந்தப் போத்தலுக்கு விலை இருக்கிறது, எதற்கு இல்லை என்பதைப் பழைய இரும்பு எடுப்பவரிடம் கேட்க வேண்டும். வடக்கில் நம்மவர்கள் நீண்டகாலமாகச் செய்துவந்த தொழில் அது. மீள்சுழற்சி என்ற பெரிய சொல் வருமுன்னரே அவர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் எந்த ஊரிலும் கழிவகற்றல் கூட்டத்துக்கு அவர்களுக்கு அழைப்பு வருவதை நான் கண்டதில்லை.

நகரசபைகள் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டுக்குரியது. சபை சேகரித்த குப்பை சபையின் சொத்து, அதை விற்கலாம் என்று அதில் இருக்கிறது. அன்றைக்கே அது புரிந்திருக்கிறது! மட்டைப்பெட்டியும் போத்தலும் தகரமும் தனியாக வந்தால் சபைக்கு வருமானம். எல்லாம் மீன் தண்ணீரில் ஊறி ஒரே பெட்டியில் வந்தால் செலவு. பிரித்துக் கொடுக்கும் கடைக்குக் கட்டணத்தில் கழிவு தருவோம் என்று ஒரு சபை சொன்னால் மறுநாளே பிரித்துக் கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். வியாபாரிக்குக் கணக்கு விளங்கும்.

நமது பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கட்டணம் கூடினால் மட்டும் வர்த்தகர் சங்கங்கள் விழித்துக்கொள்கின்றன. இரவில் கடை பூட்டியதும் பையைச் சந்தி மூலையில் வைத்துவிட்டுப் போகிறவரும் சங்க உறுப்பினர்தான். அவரைச் சங்கம் கேட்பதில்லை.

2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளூராட்சி சபைகளில் உறுப்பினர்களே இல்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு மீண்டும் வந்திருக்கிறார்கள். கேட்பதற்கு இப்போது ஆள் இருக்கிறது. அடுத்த வரவு செலவுத் திட்டம் வருமுன் ஒவ்வொரு சங்கமும் தன் கடைகளில் கிழமைக்கு எவ்வளவு மட்டை, எவ்வளவு போத்தல், எவ்வளவு அழுகல் சேர்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தவிசாளர் கையில் கொடுக்கட்டும். கழிவுக்கென்று அறவிடும் பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, கொட்டும் இடம் எது என்று பதிலுக்குக் கேட்கட்டும். வாயால் சொல்லத் தயங்கினால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சபை முடிவு சொல்லியாக வேண்டும்.

பை விலைக்கும் ஒரு யோசனை. பில் போடாத கடைகள் பையின் விலையைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டால் போதும் என்று அதிகார சபை ஏற்றுக்கொள்ளுமா? வடமராட்சி வர்த்தகர்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு இதை எழுத்தில் கேட்கலாம். முதல் கையெழுத்தைப் போட நான் தயார்.