லின்ட் பாஸாம்ல!

"எல்லாம் பச்சை, லின்ட் பாஸ்"னு யாராவது சொன்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது மக்களே.

2010-ல் ரெயில்ஸ் 3 கூடவே வந்தது ஆக்டிவ்மாடல் லின்ட். டேபிளே இல்லாத ஆப்ஜெக்டைக்கூட ஃபார்முக்குக் கொடுக்கலாம். டூ_கீ, பெர்சிஸ்டட், எர்ரர்ஸ்னு கேட்டா அது ஒழுங்கா பதில் சொல்லுதான்னு லின்ட் பார்க்கும். நல்ல விஷயம்தான், இல்லைங்கலை. ஆனா பெர்சிஸ்டட்டுக்கு ட்ரூவோ ஃபால்ஸோ ஏதோ ஒண்ணு வந்தா அதுக்குப் போதும். எது உண்மைன்னு பார்க்காது. வாத்துக்கு வாய் இருக்கான்னு மட்டும் பார்க்கிற கதை! டாகுமென்டேஷன்லயே இதைச் சொல்லியிருக்காங்க. யாரு படிக்கிறா?

எங்க டீம்ல (நானும்தான், ஹிஹி) வேற சர்வர்லேர்ந்து வர்ற ஆர்டருக்கு ஒரு மாடல் எழுதினோம். ஆக்டிவ்மாடல்::மாடலை இன்க்ளூட் பண்ணினா பெர்சிஸ்டட் எப்பவும் ஃபால்ஸ்தான் தரும், நாமதான் மாத்தி எழுதணும். எழுதலை. லின்ட் பச்சை. எடிட் பண்ணி சேவ் அழுத்தினா, பேட்ச்சா போகவேண்டியது போஸ்ட்டா போய் புது ஆர்டர் விழுது! ஒரே ஆளுக்கு மூணு ஆர்டர்.

உடனே "லின்ட் சரியில்லை"ன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க... அடப்பாவிகளா! புது ஆப்ஜெக்டுக்கு ஃபால்ஸ், சர்வர்லேர்ந்து எடுத்ததுக்கு ட்ரூ. இந்த ரெண்டு வரி டெஸ்டை எழுத சோம்பேறித்தனப்பட்டது யாரு? ராத்திரி பதினோரு மணிக்கு டூப்ளிகேட் ஆர்டரை ஒண்ணொண்ணா அழிச்சதும் அதே ஆளுங்கதான்.