கல்யாணத்துக்குப் பின் நாமினி யார்?

ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் போச்சம்பள்ளி, ஓசூர் சிப்காட் ஆலைகளிலும், எல்லை தாண்டி பெங்களூரிலும் வேலைக்குப் போகிறார்கள். மாதாமாதம் பி.எஃப். பிடிக்கப்படுகிறது. அந்தப் பணத்துக்கு நாமினி யார் என்று கேட்டால், பலருக்கும் சட்டென்று பதில் வராது.

சேர்ந்த புதிதில் அம்மா பெயரைக் கொடுத்திருப்பார்கள். 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின்படி, கல்யாணத்துக்கு முன் செய்த நாமினி நியமனம் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாகச் செய்தாக வேண்டும். இதை எத்தனை நிர்வாகங்கள் எடுத்துச் சொல்கின்றன? செல்லுபடியாகும் நியமனம் இல்லாமல் தொழிலாளி இறந்துவிட்டால் தொகை குடும்பத்தாருக்குச் சமமாகப் பிரியும். வயது வந்த மகனுக்கு அதில் பங்கில்லை. வாரிசுச் சான்றிதழுக்காக இளம் விதவை கைக்குழந்தையோடு தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய, பி.எஃப்.-ஓடு இணைந்த காப்பீட்டுத் தொகையும் இதனாலேயே தாமதமாகலாம்.

பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் யுஏஎன் எண்ணை வைத்து இணையத்திலேயே கட்டணமின்றி நாமினியைப் பதியலாம். குடும்பத்தாரின் ஆதார் விவரம், புகைப்படம், பங்கு விகிதம் எல்லாம் நிரப்பிவிட்டு, ஓடிபி வழியாக மின்கையொப்பம் இடாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது போடாதவரை நியமனம் முடிந்ததாகாது.

கல்யாண விடுப்பு முடிந்து திரும்பும் தொழிலாளியை அன்றைக்கே உட்காரவைத்து இதை முடித்துக் கொடுப்பதை ஒவ்வொரு ஆலையின் மனிதவளப் பிரிவும் வழக்கமாக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது.