மாட்டிவிட்டால் போதுமா?

"காதில்தான் கருவி இருக்கிறதே! பிறகும் ஏன் கவனிக்கமாட்டேன் என்கிறான்?" ஆசிரியர் ஓய்வறையில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் ஒருமுறை கேட்டவள்தான். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தொடக்கநிலை 1-இல் ஒரு சிறுவன். நான்கு நாள்களாகச் சொல்வதெழுதுதலில் ஒரு சொல்லும் எழுதாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடிவாதம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அவன் பாட்டியார் வந்து கருவியைக் கழற்றிப் பார்த்தார். மின்கலம் தீர்ந்திருந்தது! செயலற்ற கருவி காதில் செருகிய தக்கைக்குச் சமம். இருக்கிற கொஞ்சநஞ்சக் கேள்வியையும் அது அடைத்துவிடும். அவன் ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? முழுதாகக் கேட்டே அறியாத பிள்ளைக்கு எது குறைந்தது என்று எப்படித் தெரியும்?

இத்தகைய பிள்ளைகள் தனிப்பள்ளிக்கு உரியவர்கள் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. மவுண்ட்பேட்டன் சாலையில் இருந்த செவித்திறன் குறைந்தோர் பள்ளி 2017-இல் மூடப்பட்டது. சைகைமொழி வேண்டிய மாணவர்களை 2018 முதல் மேஃபிளவர் தொடக்கப்பள்ளி சேர்த்துக்கொள்கிறது. கருவி அணிந்து கேட்கும் பிள்ளைகளோ நம் வகுப்புகளில்தான் இருக்கிறார்கள்.

மூக்குக்கண்ணாடியைப் போல ஒருமுறை வாங்கி மாட்டிவிடும் பொருளன்று செவித்துணைக் கருவி. குழந்தையின் செவிக்குழாய் மிகச் சிறியது. பெரியவர் காதில் ஓர் அளவாக ஒலிப்பது அச்சிற்றறைக்குள் அதைவிட உரக்க ஒலிக்கும். ஆகவே செவியியலாளர் மெல்லிய குழலொன்றைக் காதுக்குள் விட்டு ஒலியை அளந்து, அந்தக் குழந்தைக்கென்றே கருவியைச் சரிசெய்ய வேண்டும். காது வளர வளரக் காது அச்சையும் மாற்ற வேண்டும். கைக்குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அது தளர்ந்துபோவதுண்டு. தளர்ந்தால் கருவி விசிலடிக்கும். நம்மவர் என்ன செய்கிறார்கள்? ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். விசில் நின்றுவிடும், பிள்ளையின் கேள்வியும் குறைந்துவிடும்.

தேக்காவில் காய்கறி வாங்கியபின் சாலையைக் கடந்தால் கேகே மருத்துவமனை. துணைப்பாட வகுப்புக்குத் தவறாத பெற்றோர், காது அச்சு மாற்றும் நாளை மட்டும் ஏன் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள்? தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலைக்குப் புறப்படும்போது "நாலு பேர் பார்ப்பார்கள்" என்று கருவியை வீட்டிலேயே கழற்றி வைக்கும் குடும்பங்களையும் அறிவேன். அந்த நாலு பேரா பிள்ளைக்குச் சொற்களைக் கற்றுத் தரப்போகிறார்கள்?

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. பிள்ளை பின்தங்கியவுடன், "தமிழை விட்டுவிடுங்கள், ஆங்கிலம் மட்டும் போதும்" என்று அறிவுரை சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். ஒலியே எட்டாத காதுக்குத் தமிழ் மட்டுமா எட்டவில்லை? ஆங்கிலமும்தான் எட்டவில்லை! பாட்டியார் பேசும் ஒரே மொழியைப் பிள்ளையிடமிருந்து பறிக்குமுன் கருவியைக் கழற்றிப் பாருங்கள்.

பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்துத் தந்த ஆறு ஒலிகள் உள்ளன: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். முதல் மூன்றும் நம் உயிரெழுத்துகளே. கற்பிக்க வேறு பயிற்சி எதற்கு? பிள்ளை உதடு பார்க்காதபடி பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். சிறு பிள்ளையானால் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைக் கூடையில் போடட்டும். இடைவெளி விட்டு விட்டுச் சொல்லுங்கள், இல்லையேல் ஊகித்துவிடும். 'ம்' தாழ்ந்த ஒலி, 'ஸ்' உயர்ந்த ஒலி. நேற்று 'ஸ்' கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லையென்றால் மின்கலத்தையும், அச்சுக்குள் அடைத்த அழுக்கையும், குழாயில் தேங்கிய ஈரத்தையும் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையே கருவிக்குப் பெரும்பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். எல்லாம் பார்த்தும் கேட்கவில்லையெனில் செவியியலாளரிடம் அனுப்ப வேண்டும்.

கருவி நன்றாக இருந்தாலும் வகுப்பறை ஒன்று இருக்கிறதே! தலைக்குமேல் விசிறி, திறந்த சன்னல், தாழ்வாரக் கூச்சல். பேசுபவரும் கேட்பவரும் விலக விலகப் பேச்சு தேய்ந்துபோகிறது. விசிறியின் இரைச்சலோ அப்படியே இருக்கிறது. ஆசிரியர் கழுத்தில் அணியும் ஒலிவாங்கியைச் சில பெற்றோர் கொடுத்தனுப்புகிறார்கள். அதைக் கூச்சத்தோடு மேசை இழுப்பறைக்குள் போடும் ஆசிரியர்களை என்னவென்று சொல்வது?

என் இழுப்பறையில் இப்போது மாற்று மின்கலங்கள் இருக்கின்றன. பூட்டித்தான் வைத்திருக்கிறேன்; பொத்தானளவு மின்கலத்தைச் சிறு பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காலை வணக்கம் முடிந்தவுடன் அந்தச் சிறுவன் தானே என் மேசைக்கு வந்து முதுகைக் காட்டி நின்றுகொள்கிறான். நான் 'ஆ' என்கிறேன்.