காமிராவுக்குப் பின்னால் நின்றவர்

திரைப்படம் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு நாம் இங்கே மறுமொழி கூறப் புகவில்லை. அது வேறு வழக்கு. படம் பார்ப்பதோடு நில்லாமல் அதைப் பற்றி எழுதவும் மேடையேறிப் பேசவும் செய்கின்ற நம் அன்பர்களோடுதான் இன்று நமக்கு வழக்கு. 1973-இல் உருவான 'கரம் ஹவா'வை இவர்கள் எப்போது எடுத்துக்கொண்டாலும் டைரக்டர் எம்.எஸ். சத்யூவின் துணிவைப் புகழ்வார்கள். பல்ராஜ் சாஹ்னியின் நடிப்பில் உருகுவார்கள். இஸ்மத் சுக்தாயின் கதை, கைஃபி ஆஸ்மியின் வசனம் என்று அடுக்குவார்கள். இஷான் ஆர்யா என்னும் பெயர் மட்டும் அவர்கள் நாவில் வருவதேயில்லை.

அப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர்; தயாரிப்பாளர்களுள் ஒருவரும் அவரே. கதைப்படத்தில் காமிரா பிடித்தது அவருக்கு அதுவே முதல் முறை.

"டைரக்டர் சொன்னதைத்தானே காமிராக்காரர் எடுக்கிறார்?" என்பார்கள். பணம் கொழிக்கும் ஸ்டூடியோவிலேயே இது அரை உண்மைதான். கடன் வாங்கி எடுக்கும் தனிமுயற்சிப் படத்திலோ முழுப் பொய். ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் தந்த கடன் இரண்டரை இலட்சம் ரூபாய். மீதி நண்பர்களிடம் புரட்டியது. காமிராவும் நண்பர் ஒருவர் கொடுத்துதவியதே. ஒலிப்பதிவுக் கருவிக்குப் பணமில்லை. எனவே படம் முழுவதும் ஊமையாக எடுக்கப்பட்டு, குரல்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. ஆக்ராவில் எதிர்ப்பு கிளம்பியபோது, ஃபிலிம் இல்லாத காமிராவோடு போலிக் குழுவொன்றை வேறிடத்துக்கு அனுப்பிக் கூட்டத்தைத் திசைதிருப்பினார்களாம்! இத்தகைய படப்பிடிப்பில் கட்டளையிடுபவர், கைகட்டி நிற்பவர் என்று இருவர் இருக்க முடியுமா?

படத்தில் வரும் மாளிகை ஆக்ராவின் பீப்பல் மண்டியில் இருந்த உண்மையான பழைய வீடு. ஸ்டூடியோவில் விளக்கு வைக்க இடமில்லையென்றால் சுவரைப் பெயர்த்துவிடலாம். குடியிருந்த வீட்டில் அது நடக்குமா? வெளிச்சம் எந்த வழியாக நுழைகிறதோ, அதைப் பார்த்துத்தான் நடிகர் நிற்குமிடம் தீர்மானமாகும். வீட்டைவிட்டு வர மறுத்து விறகுகளிடையே ஒளிந்துகொள்ளும் அந்த மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். அவரை எங்கே ஒளியவைப்பது என்பது டைரக்டரின் கேள்வி. அந்த இருட்டில் அவர் முகம் எவ்வளவு தெரியலாம் என்பது ஒளிப்பதிவாளரின் கேள்வி. ஒன்றுக்கு விடையில்லாமல் மற்றொன்றுக்கு விடையில்லை.

இறுதி முடிவு டைரக்டருடையது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நல்ல ஒளிப்பதிவாளர் தலையாட்டுபவர் அல்லர். 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் அமைக்கச் சத்யஜித் ராய் முனைந்தபோது, நிழல் விழாத வானவெளிச்சத்தைச் செயற்கையாக உண்டாக்க முடியாது என்று சுப்ரதா மித்ரா வாதாடினார். வாதம் எடுபடவில்லை. உடனே அவர் முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதன்மீது பாய்ச்சித் திருப்பினார். வானம் ஸ்டூடியோவுக்குள் வந்துவிட்டது! அந்தப் பிணக்கு இல்லையேல் அந்த உத்தியும் இல்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். முஸ்லிம் வீடு என்றால் நவாபும் சரவிளக்கும் கஜலும்தான் என்று இந்திப் படங்கள் நெடுங்காலம் காட்டி வந்தன. செருப்புத் தொழில் செய்யும் சலீம் மிர்ஸாவின் கூடமும் மாடிப்படியும் நம் உறவினர் வீடு போலத் தோன்றியதற்கு வசனம் மட்டுமா காரணம்? நம்மைத் தவறாகக் காட்டுகிறார்கள் என்று குமுறுகிறோம். காட்டும் கருவி யார் கையில் இருக்கிறது, அதை ஏன் நம் பிள்ளைகள் கற்கவில்லை என்று மட்டும் கேட்பதில்லை. டாக்டர், என்ஜினீயர், இல்லையேல் வளைகுடா. இந்த மூன்றுக்கு அப்பால் நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லையே!

1975-இல் வெளிவந்த 'முத்யால முக்கு' என்ற தெலுங்குப் படத்துக்காக இஷான் ஆர்யா ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். அடுத்த முறை 'கரம் ஹவா'வுக்குக் கூட்டம் போடுகிற அன்பர்கள், சத்யூவின் பெயரை அச்சிடும் அதே வரியில், அதே அளவு எழுத்தில், அவர் பெயரையும் அச்சிடட்டும்.