கதவுக்கு முந்தைய கதவு

1931ஆம் ஆண்டு ஜூன் மாதம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டம். இன்றைய சிவகங்கை மாவட்டமும் அதற்குள்தான் கிடந்தது. நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எதிராகப் பதினோரு தடைகள் போட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அந்தப் பிள்ளைகள் மிராசுதார்களின் மாடுகளைத்தான் மேய்க்க வேண்டும் என்பது இன்னொன்று. நாம் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த வெள்ளைக்காரர் ஹட்டன் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பதினேழு வருஷம் கழித்து, 1948 ஜூலை 25. அதே மண்ணில், காரைக்குடியில், நேரு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1953 ஜனவரி 14இல் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஊர்க்காரர்கள் வாயில் அது 'சிக்ரி'. மின்கலம், துருப்பிடித்தல், மின்முலாம் என்று உலகம் மதிக்கிற ஆராய்ச்சி நடக்கிற இடம்.

தடை போட்டவர்களில் பலர் அடிக்கல் நாட்டியபோதும் உயிரோடுதான் இருந்திருப்பார்கள். படிக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட பிள்ளையின் பேரனும் பேத்தியும் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார்கள். சுவருக்கு உள்ளே விஞ்ஞானம், வெளியே சேரி. இடையில் எத்தனை கதவு இருக்கிறது என்று நாம் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இந்த இதழில் எண்ணிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறோம். இதை எழுதுகிறவன் வங்கியில் குமாஸ்தா. போன வருஷம் சித்திரையில் எங்க தெருப் பையன் ஒருத்தன் கவுண்டருக்கு வந்தான். எம்.எஸ்சி. இயற்பியல், முதல் வருஷம். கையில் ஒரு கடிதம். பெருநகரம் ஒன்றில் உள்ள ஆய்வு நிறுவனத்தில், கணினிவழிப் பொருளறிவியலில், இரண்டு மாத இன்டர்ன்ஷிப். வரச் சொல்லிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. தங்க இடம் கிடையாது. லேப்டாப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

"அண்ணே, இதுக்கு லோன் கிடைக்குமா?"

கிடைக்காது. கல்விக் கடன் அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்குத்தான். இன்டர்ன்ஷிப் என்பது படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அதைச் சொல்லியதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஏன்டா தம்பி இதெல்லாம்? ரெண்டு மாசத்துல பேங்க் எக்ஸாமுக்குத் தயாராகலாமே" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அந்த வருஷம் அவன் போகவில்லை. அந்தக் கதவைச் சாத்தியதில் என் கையும் இருந்தது. எந்த நாட்டாரும் வந்து தடை போடவில்லை.

அவன் படிக்கப் போக நினைத்தது என்ன என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, லித்தியம் மின்கலம் ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது என்ற கேள்விகளுக்கு விடை, கடைசியில் எலெக்ட்ரான்களின் நடத்தையில் போய் முடிகிறது. ஒரு இரும்பு அணுவில் 26 எலெக்ட்ரான். ஒவ்வொன்றுக்கும் மூன்று திசை. ஆக ஒரே ஒரு அணுவுக்கு 78 மாறிகள் கொண்ட சமன்பாடு. நூறு அணு என்றால் எந்தக் கணினியாலும் நேராகத் தீர்க்க முடியாது. 1964இல் ஹோகன்பெர்க், கோன் இருவரும் ஒரு வழி காட்டினார்கள். தனித்தனி எலெக்ட்ரானைத் துரத்த வேண்டாம், எந்த இடத்தில் எலெக்ட்ரான் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அடிநிலை ஆற்றல் அதிலிருந்தே வந்துவிடும் என்றார்கள். அடர்த்திக்கு மாறிகள் மூன்றுதான். 1965இல் கோனும் ஷாமும் அதைக் கணக்குப் போடத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். தோராயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இன்று உலகம் முழுக்கப் புதுப்பொருள் தேடுகிறவர்களின் அன்றாடக் கருவி இதுதான்.

இதில் வால்டர் கோன் யார்? வியன்னாவில் பிறந்த யூதப் பிள்ளை. நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். தாயும் தகப்பனும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். 1998இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு. பிறப்பைச் சொல்லி அழிக்க நினைத்த ஒரு கூட்டத்தின் பிள்ளை உலகத்துக்குத் தந்த கணக்கு அது. நம் பிள்ளைகளுக்கு அது அந்நியமான விஞ்ஞானம் இல்லை.

இந்த விஞ்ஞானத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. உலை வேண்டாம். அமிலம் வேண்டாம். கோடி ரூபாய் கருவி வேண்டாம். குவாண்டம் எஸ்பிரெசோ, லாம்ப்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசம். சிலிக்கான் படிகத்துக்கான முதல் கணக்கைச் சாதாரண லேப்டாப்பே போட்டுவிடும். அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து 2011இல் தொடங்கிய 'மெட்டீரியல்ஸ் புராஜெக்ட்' தரவுத்தளத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம். பெரிய கணக்குக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் முதல் 'பரம் பொருள்' என்ற மீக்கணினி ஓடுகிறது. காரைக்குடியிலிருந்து இரண்டரை மணி நேரப் பஸ் பயணம்.

அப்படியானால் எல்லாருக்கும் திறந்த துறைதானே என்று கேட்பார்கள். மேடையில் அப்படித்தான் பேசுகிறார்கள். கருவி மலிவாகிவிட்டது, வாஸ்தவம். கருவியை எப்படித் தொடுவது என்று சொல்லித்தரும் ஆள் மலிவாகவில்லை. எந்தத் தோராயத்தை எந்தப் பொருளுக்கு நம்பலாம், வந்த எண் சரியா பிழையா, எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்பதெல்லாம் மென்பொருளோடு வருவதில்லை. ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிற கை வித்தை அது. தச்சுப் பட்டறை மாதிரிதான். அந்தப் பட்டறைக்குள் போகிற வழிதான் இன்டர்ன்ஷிப்.

இங்கேதான் நம் கணக்கு தப்பியிருக்கிறது தோழர்களே. முனைவர் பட்டச் சேர்க்கையில் இடஒதுக்கீடு கேட்டோம். ஆசிரியர் பணியில் கேட்டோம். சரிதான். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. கோடை விடுமுறையில் யார் யாரிடம் போய்ப் பயின்றார்கள், யார் யாருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார்கள், எந்தக் கட்டுரையில் யார் பெயர் ஓரமாகவாவது வந்தது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. கல்விக் கழகங்கள் நடத்தும் கோடைகால ஆய்வு நல்கை போன்ற சிலவற்றுக்கு அறிவிப்பு உண்டு, உதவித்தொகையும் உண்டு. மற்றபடி பெரும்பாலும் ஒரு மாணவன் ஒரு பேராசிரியருக்கு எழுதும் இங்கிலீஷ் மின்னஞ்சலில்தான் எல்லாம். விளம்பரம் இல்லை, பட்டியல் இல்லை, இனச்சுழற்சி இல்லை. அப்பா பேராசிரியர், மாமா விஞ்ஞானி என்றால் அந்த மின்னஞ்சலுக்கு முன்னாலேயே ஒரு போன் போய்விடுகிறது. நேர்காணலில் பிறகு கேட்பார்கள், "முன் அனுபவம் உண்டா?" உண்டு என்பவனுக்குத் தகுதி, இல்லை என்பவனுக்குக் கோட்டா. தகுதி இப்படித்தான் உற்பத்தியாகிறது.

சம்பளமில்லாத பயிற்சி என்றால் என்ன அர்த்தம்? வீட்டில் இரண்டு மாதம் சும்மா உட்கார்த்தி வைத்துச் சோறு போட வசதி உள்ளவனுக்கு மட்டும் என்று அர்த்தம். அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். சம்பளமில்லாத பயிற்சிக்கு வா என்று அன்று கூப்பிட்டிருந்தால் அவரால் போயிருக்க முடியுமா? படித்துத் திரும்பி 1917இல் அதே பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க ஒரு அறை கிடைக்காமல் விரட்டப்பட்டதும் நமக்குத் தெரியும். இன்றைக்கும் நகரத்தில் வீடு கேட்டால் முதலில் கேட்பது ஊர், அடுத்து கேட்பது "சைவமா?" அதற்கடுத்த கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை.

சரி, இரண்டாவது கதவையாவது சட்டம் திறந்து வைத்திருக்கிறதா? மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம், 2006. அதன் 4ஆம் பிரிவையும் கடைசியில் உள்ள அட்டவணையையும் மாணவத் தோழர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். ஹோமி பாபா தேசிய நிறுவனம், அதன் பத்து உறுப்பு நிறுவனங்கள், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், பெங்களூர் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் என்று வரிசையாக விலக்கு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னை கணித அறிவியல் நிறுவனமும் அதில் உண்டு. ஆசிரியர் பணிக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே போன்ற அட்டவணை. காரணமாகச் சொல்வது 'சிறப்புமிக்க நிறுவனங்கள்'. சிறப்பு இருக்கிற இடத்தில் நாம் இருக்கக் கூடாதாம்!

அந்தப் பட்டியலில் கல்கத்தாவின் சாஹா அணு இயற்பியல் நிறுவனமும் இருக்கிறது. மேகநாத் சாஹா சின்னக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் சாதி காரணமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட வைக்கப்பட்டவர். 1920இல் அவர் தந்த சமன்பாடு நட்சத்திரங்களின் நிறமாலையை வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்துக்கும் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு! இந்த நிறுவனங்களில் நம் பிள்ளைகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நல்ல மனசுக்காரர்கள் இல்லை என்றும் சொல்லவில்லை. தயவு வேறு, உரிமை வேறு என்கிறோம்.

உள்ளே போனவர்கள் கதை என்ன? சேலம் மாவட்டத்தில் பன்றி வளர்க்கும் எளிய குடும்பத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனவர் தோழர் செந்தில்குமார். வழிகாட்டி அமையவில்லை. உதவித்தொகை நின்றது. 2008 பிப்ரவரியில் விடுதியில் இறந்துபோனார். அதே வளாகத்தில் 2016 ஜனவரி 17இல் தோழர் ரோகித் வெமுலா. அவருக்கும் ஏழு மாத உதவித்தொகை பாக்கி. இந்த இரண்டு பேருடைய சாவையும் நாம் தியாகமாக்கிக் கொண்டாட மாட்டோம். அவர்கள் வாழ்ந்திருக்க வேண்டும், ஆய்வை முடித்திருக்க வேண்டும். இளநிலை ஆய்வு நல்கை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில் நல்ல தொகைதான். அது மாதாமாதம் வருகிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறதா என்பதுதான் பிள்ளையின் உயிர். அந்தப் பணத்தில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகிறது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

"அட, நம்ம சனத்துக்கு எதுக்குய்யா எலெக்ட்ரான் கணக்கு? பஞ்சமி நிலம் இருக்கு, சுடுகாட்டுப் பாதை இருக்கு" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சாக்கடைக்குள் இருக்கிறது. பாதாளச் சாக்கடையில் நம் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதற்குள் ஆள் விழுந்துவிடுவார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. முதல் தீர்வு மனிதனை உள்ளே இறக்காமல் இருப்பதுதான். அதில் சமரசம் இல்லை. ஆனால் அந்த வாயுவை மோப்பம் பிடிக்கும் மலிவான உணரியைச் செய்வது பொருளறிவியல் கேள்வி. தாமிர ஆக்சைடும் வெள்ளீய ஆக்சைடும் அந்த வாயு பட்டால் மின்தடையை மாற்றிக்கொள்கின்றன. அந்த மூலக்கூறு எந்தப் பரப்பில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதை அடர்த்திக் கணக்குச் சொல்லும். இந்தக் கேள்வியை யார் அவசரமாகக் கேட்பார்கள்? சித்தப்பனைச் சாக்கடையில் பறிகொடுத்தவன் கேட்பான். எந்தக் கேள்வி ஆராய்ச்சி ஆகிறது என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் நாம் இல்லை. நமக்குச் சண்டை அதற்காகத்தான்.

ஆகவே கேட்கிறோம். அரசுப் பணத்தில் நடக்கும் எந்த ஆய்வு நிறுவனத்திலும் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கூடாது. எல்லா இன்டர்ன்ஷிப்பும் பொதுவில் அறிவிக்கப்பட வேண்டும், அதற்கும் இடஒதுக்கீடு வேண்டும், விடுதி வேண்டும். யார் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் சமூகவாரியாகக் கணக்கு வெளியிட வேண்டும். 2006, 2019 சட்டங்களின் விலக்கு அட்டவணைகளை நீக்க வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது, தமிழிலும் வர வேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை. நம் இயக்கம் வக்கீல்களை உண்டாக்கியது, அதிகாரிகளை உண்டாக்கியது, என்னைப் போல கவிதை எழுதும் குமாஸ்தாக்களையும் உண்டாக்கியது. விஞ்ஞானிகளை உண்டாக்க வேண்டும் என்று நாம் திட்டமிட்டதே இல்லை. ஆய்வில் இருக்கும் நம் தோழர்கள் கோடையில் பத்து நாள் தர வேண்டும். நம் படிப்பகத்தில் ஒரு மேசையும் பழைய கணினி இரண்டும் போட்டு லினக்ஸ் ஏற்றி வைக்கலாம். மின்னஞ்சல் எழுதப் பழக்கலாம். பிள்ளை பேராசிரியருக்குப் போடும் முதல் கடிதத்தை நாலு பேர் உட்கார்ந்து திருத்தலாம். வேலையில் இருப்பவர்கள் மாதம் நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது இரண்டு மாதம் நகரத்தில் அறை எடுத்துத் தங்கலாம். அந்தப் பட்டியலில் முதல் பெயராக இதை எழுதுகிறவன் பெயரைப் போட்டாயிற்று. அது பிராயச்சித்தம் இல்லை, பாக்கி.

அந்தப் பையன் இந்த வருஷம் மறுபடி எழுதிப் போட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. வந்தால், சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவன் போகிறான். பஸ் ஏற்றிவிட நாங்கள் இருக்கிறோம்.